தரைக்கு அடியில் ஒரு நடை

3.11.2025
மோகனூர் ரோடு, நாமக்கல்

மோகனாவுக்கு அக்கா ரஞ்சிதா எழுதுவது.

உன் பெட்டி வந்து சேர்ந்தது. நீ வரவில்லை.

உன் ஆபீஸில் வேலை பார்க்கும் அன்பரசு என்கிற தம்பி ஜீப்பில் வந்து இறங்கினார். "நில அதிர்வைப் பதிவு பண்ற கருவிங்க. இந்த வீடு பாறை மேலயே கட்டினதுன்னு மேடம் சொன்னாங்க" என்றார். எந்த மேடம் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார். என் கூடப் பிறந்தவளை யாரோ ஒருவர் என் வாசலில் நின்று 'மேடம்' என்று சொல்லி எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தத் தம்பி மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "எங்கம்மா கை மாதிரியே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் எப்படி விரட்டுவது?

தீவன மூட்டை அடுக்கும் பின்னறையில் தரையைப் பெயர்த்து, பாறை தெரியும்வரை தோண்டி, பெட்டியை இறக்கி மூடினார். ஓட்டின் மேல் சோலார் தகடு ஒன்று. உள்ளே சிம் கார்டு இருக்கிறது, இங்கே பதிவாவதெல்லாம் ஹைதராபாத்தில் உன் கம்ப்யூட்டருக்கு அப்போதைக்கப்போது வந்துவிடும் என்றார். இனி எனக்குப் போன் பண்ணாதே என்று போன வருடம் ஆடியில் உன்னிடம் சொன்னது நான்தான். அதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. போனில் என்றால் இரண்டாவது வார்த்தையில் கத்தத் தொடங்கிவிடுவோம். காகிதத்தில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பெட்டி வைத்து ஒரு வாரம் இருக்கும். மழை விட்டிருந்த ஒரு காலையில் கோழிச் செட்டில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். சில ஆயிரம் கோழி ஒன்றாகக் கத்தும் இடம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் பேசினால் காதில் விழாது. அந்தச் சத்தம் நின்றது. குறையவில்லை, நின்றது. அத்தனை கோழியும் கழுத்தைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்தன. தண்ணீர்க் குழாயில் சொட்டு விழுவது கேட்டது. அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் செட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் அது வந்தது. தரைக்கு அடியிலிருந்து. மெல்ல ஒன்று, உடனே அழுத்தி ஒன்று. அவ்வளவுதான். கோழிகள் எதுவுமே நடக்காதது போல மறுபடி கத்தின.

குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். வெடி காதில் விழும். இது உள்ளங்காலில் விழுந்தது. அதற்குப் பிறகு தினமும் வருகிறது. எதிர்க்காட்டுச் சுப்பம்மாளக்கா வந்து, "ஏஞ்சாமி, உன்ற ஊட்டுக்கு அடியில ஆராச்சும் நடக்கறாங்களா?" என்று கேட்டது. சிரித்துக்கொண்டே கேட்கவில்லை.

இது உன் பெட்டி செய்கிற வேலையா? அப்படியானால் ஆளை அனுப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்.

ரஞ்சிதா


10.11.2025
ஹைதராபாத்

அன்புள்ள அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கப் பயமாக இருந்தது. மத்தியானம் வரை பையிலேயே வைத்திருந்தேன். நல்லவேளை, பெட்டியைப் பற்றித்தான் திட்டியிருக்கிறாய்.

பெட்டி எதையும் செய்யாது. அது வெறும் காது. நீ கேட்டதை அதுவும் கேட்டிருக்கிறது. நீ சொல்லும் ஒவ்வொன்றும் என் திரையில் இருக்கிறது. மிகச் சிறிய நிலநடுக்கங்கள், ஆழம் அதிகமில்லாதவை. ஆழம் குறைவாக இருப்பதால்தான் சத்தமாகவே கேட்கிறது.

மெல்ல ஒன்று, அழுத்தி ஒன்று என்று எழுதியிருக்கிறாய். சரியாகத்தான் கேட்டிருக்கிறாய். பாறை ஓரிடத்தில் விலகும்போது இரண்டு அலைகள் கிளம்பும். ஒன்று வேகமானது, ஆனால் பலம் குறைவு. இன்னொன்று பின்னால் வரும், பலமாக உலுக்கும். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை வைத்து மழை எவ்வளவு தூரத்தில் பெய்கிறது என்று சொல்வோமே, அதுபோல இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத் தூரம் சொல்லலாம். உன் வீட்டுக்கு வடக்கே, நடந்து போனால் ஒரு மணி நேரத் தூரத்தில் இது நடக்கிறது. வீட்டுக்கு அடியில் இல்லை.

ஏன் இப்போது என்றால், எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. நான் நினைப்பது இது. நம் பக்கத்தில் இத்தனை வருடமாகப் போர்வெல் போட்டுப் போட்டு, ஆயிரம் அடிக்குக் கீழே வரை பாறையின் விரிசல்களைக் காயவிட்டுவிட்டோம். இந்த வருட மழையில் அந்த விரிசல்களுக்குள் தண்ணீர் ஒரேயடியாக இறங்குகிறது. அந்த அழுத்தத்தில் இறுகிக் கிடந்த பாறைகள் கொஞ்சம் வழுக்குகின்றன. மழைத் தண்ணீருக்கு அவ்வளவு பலமா என்று இங்கே பெரியவர் ஒருவர் கேலி செய்கிறார். உலகம் முழுக்க நிலத்தடி நீரை இறைத்ததில் பூமியின் அச்சே சற்று நகர்ந்திருக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆய்வு வந்தது. அப்படியிருக்க ஒரு மாவட்டத்தின் பாறை நகராதா என்று நான் கேட்கிறேன்.

கோழிகள் எதனால் அடங்குகின்றன என்று எனக்குத் தெரியவில்லை. நமக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி பறவைகளுக்குக் கேட்கும் என்கிறார்கள். இதுவரை யாரும் உறுதியாக நிரூபிக்கவில்லை.

நான் வராததற்கு வேலைதான் காரணம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மோகனப்பிரியா


16.11.2025

மோகனா,

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். மெல்ல ஒன்று, அழுத்தி ஒன்று. இதை நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்கு எதுவும் தோன்றவில்லையா?

என் வீட்டுக்காரருக்கு, உன் மாமாவுக்கு, போர்வெல் வேலையில் இடது பாதத்தில் கேசிங் பைப் விழுந்தது உனக்கு மறந்திருக்காது. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்தில் நீயும்தான் இருந்தாய். அதற்குப் பிறகு அவர் நடந்தது எப்படி? இடது காலை மெல்ல வைப்பார், வலது காலை அழுத்தி ஊன்றுவார். சிமெண்டு வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவேன், ஆள் உள்ளே வருவதற்குள் காய்ந்திருக்கும்.

ரிக் லாரியோடு சத்தீஸ்கர் போனவர் எட்டு வருடமாக வரவில்லை. கேம்பிலிருந்து கடைக்கு நடந்து போனார், திரும்பி வரவில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். போலீஸ் தேடியது. நான் போய் அந்த ஊர்த் தெருவில் நின்று போட்டோவைக் காட்டிப் பாஷை தெரியாமல் அழுதேன். உடம்பு கிடைக்கவில்லை. ஏழு வருடம் முடிந்ததும் நீ ஒரு காகிதத்தோடு வந்தாய். அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட்டில் எழுதி வாங்கினால் காடும் பண்ணையும் என் பேருக்கு மாறும், லோன் கிடைக்கும் என்றாய். எல்லாம் என் நல்லதுக்குத்தான். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிகூடப் போட்டு வைத்திருந்தாய்.

உன்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியது அந்தப் பெருக்கல் குறிக்காகத்தான்.

அவர் போனது வடக்கே. இந்தச் சத்தம் வருவதும் வடக்கேயிருந்து என்கிறாய். இந்த மாவட்டத்தில் பாதித் துளை அவர் நின்று போட்டது. காய்ந்து போன துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்கிறாய். அப்படியென்றால் அவருக்குத் தெரிந்த வழிதானே?

என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள். எனக்கு ஒன்றே ஒன்று சொல். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைகிறதா?

ரஞ்சிதா


21.11.2025

அக்கா,

அது மாமா இல்லை. பாறை. மாமாவை நினைத்து எனக்கும் அழத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு இட்லி ஊட்டியவள் நான். ஆனால் நிலத்துக்கு அடியில் யாரும் நடப்பதில்லை.

நீ கேட்டதைக் கேட்காதே. அந்தக் கணக்கெல்லாம் எங்கள் வேலைக்கு. உனக்கு அது வேண்டாம்.

கொஞ்ச நாள் சேலத்தில், சூரமங்கலத்துச் சித்தப்பா வீட்டில் போய் இரு. கோழிகளைப் பார்த்துக்கொள்ள அன்பரசு ஆள் ஏற்பாடு செய்வார்.

மோகனா


26.11.2025

மோகனா,

இல்லை என்று எழுத உனக்கு ஒரு வார்த்தை போதும். நீ எழுதவில்லை. சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது, பேச்சை மாற்றத்தான் வரும். ஆக, இடைவெளி குறைகிறது.

எனக்கு உன் பெட்டியும் வேண்டாம், திரையும் வேண்டாம். முதலில் வந்தபோது மெல்லியதற்கும் அழுத்தியதற்கும் நடுவே ஒரு மூச்சு இழுக்க முடிந்தது. இப்போது முடியவில்லை. முன்பு உள்ளங்காலில் மட்டும் தெரிந்தது. இப்போது அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் பேசிக்கொள்கின்றன. பூசிய சுவரில் நேற்று ஒரு விரிசல், மூலையிலிருந்து கிளம்பி நிலைப்படி வரை வந்து நின்றிருக்கிறது. கோழிகள் பாதிதான் முட்டை வைக்கின்றன. வைப்பதிலும் ஓடு இல்லாமல் தோல் முட்டையாக நிறைய வருகிறது. டாக்டர் தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்துவிட்டு, "எதையோ பாத்துப் பயந்திருக்குதுங்க" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

சுப்பம்மாளக்கா அயோத்தியாப்பட்டணத்தில் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. போகும்போது அதன் கான்கிரீட் தார்சு வீட்டுச் சாவியை என் கையில் திணித்து, "நீயி ஓட்டு வீட்டுல இருக்காத கண்ணு. வாரதுன்னா வெளிச்சத்துல வரட்டும், அடியில இருந்து வாரவங்களுக்குக் கதவு தொறக்கப்படாது" என்றது.

நான் சிரித்து அனுப்பினேன். வீட்டைக் கழுவி விட்டிருக்கிறேன். அவர் வேட்டி சட்டையை வெளியே எடுத்து வெயிலில் போட்டேன். தலைவாசலைப் பகலில் சாத்துவதில்லை. எட்டு வருடம் எங்கே பார்ப்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது பார்ப்பதற்கு ஒரு திசை இருக்கிறது. அதுவே எனக்குப் போதும்.

சூரமங்கலத்துக்குப் போகமாட்டேன்.

ரஞ்சிதா


29.11.2025

அக்கா,

ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உன்னைக் கூட்டி வர அன்பரசுவை அனுப்பினேன். மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், குறைகிறது. முதலில் நடந்து போனால் ஒரு மணி நேரத் தூரம். இப்போது உன் கிணற்றுமேட்டுக்கு அந்தப் பக்கம். மற்ற மூன்று ஊர்களில் வைத்திருக்கும் பெட்டிகளும் அதையேதான் சொல்கின்றன. பாறைக்குள் ஒரு நீண்ட விரிசல் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. தண்ணீர் அதற்குள் இறங்கி முன்னேற முன்னேற, வழுக்கும் இடமும் கூடவே நகர்கிறது. உன் வீடு அந்தக் கோட்டின் மேல் இருக்கிறது. இதுதான் உண்மை. இதை மறைத்தது என் தப்பு. சொன்னால் நீ வாசலைத் திறந்து வைத்து உட்காருவாய் என்று பயந்தேன். சொல்லாமலே அதைத்தான் செய்கிறாய்.

சின்னச் சின்னதாகவே வந்து ஓய்ந்துவிடலாம். பெரியதாக ஒன்றும் வரலாம். எது என்று சொல்ல எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. உன் மாமனார் கட்டிய வீடு மண்ணும் கல்லும் வைத்துக் கட்டியது. கூரையில் இருக்கும் ஓடும் பனங்கையும் எவ்வளவு பாரம் தெரியுமா? நேர் அடியில் ஒரு உலுக்கல் வந்தால் அந்தச் சுவர் தாங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி நிலநடுக்கத்தை மட்டும் கேட்பதில்லை. நீ நடப்பதையும் கேட்கிறது. முதலில் குப்பை என்று ஒதுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அதைத்தான் பார்க்கிறேன். சமையலறையிலிருந்து பின்னறைக்கு, அங்கிருந்து செட்டுக்கு. ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் நீ தலைவாசலுக்கு வேகமாகப் போகிறாய். நிற்கிறாய். பிறகு திரும்பி வருகிறாய். திரும்பும்போது உன் அடி தளர்ந்திருக்கிறது. இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, என் அக்கா ஒரு நாளில் எத்தனை தடவை ஏமாறுகிறாள் என்று ஆபீஸ் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் முடியவில்லை.

சித்தப்பா வீடு வேண்டாம். சுப்பம்மாளக்கா வீட்டுக்காவது போ. அது கான்கிரீட். உன் வாசல் அங்கிருந்தும் தெரியும். அவருக்காகக் காத்திரு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கூரைக்குக் கீழே மட்டும் காத்திருக்காதே.

எனக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் வருகிறேன். கதவைச் சாத்தினாலும் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

மோகனா


4.12.2025
சுப்பம்மாளக்கா வீடு

மோகனா,

நான் உயிரோடு இருப்பதை அன்பரசு உனக்குப் போனில் சொல்லியிருப்பார். மற்றதை நான்தான் சொல்ல வேண்டும். நீ ரயில் ஏறுவதற்குள் இது கிடைக்குமோ என்னவோ. நேரில் நீ கேட்டால் எனக்குச் சொல்ல வராது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முந்தாநாள் காலையில் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டுச் சமையலறையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் திரும்பி வரும் அடியைக்கூட நீ பார்த்திருக்கிறாய் என்பது என்னவோ செய்தது. சரி, சாவியை எடுத்துக்கொண்டு எதிர்க்காட்டுக்குப் போகலாம் என்றுகூட நினைத்தேன். சாதம் வடித்துவிட்டுப் போகலாம் என்று உலை வைத்தேன்.

அப்போது செட்டில் சத்தம் நின்றது. இந்த முறை கோழிகள் மட்டும் இல்லை. வேப்ப மரத்துக் காக்கை, ரோட்டோர நாய், எல்லாம். உலை கொதிக்கும் சத்தம் மட்டும் இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு தட்டலுக்காகக் காத்திருந்தேன். தட்டல் வரவில்லை.

கேட்டின் கொண்டி ஆடியது.

அவர் எப்போதும் அப்படித்தான். கேட்டைத் திறக்கும் முன் கொண்டியை இரண்டு தடவை ஆட்டுவார். உள்ளே இருக்கிறவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று சொல்வார். அதே ஆட்டல். நான் அடுப்பை அணைக்கக்கூட இல்லை. ஓடினேன். நிலைப்படியில் இடித்துக்கொண்டேன், வாசலைத் தாண்டினேன், கேட்டைத் திறந்தேன்.

வெளியே பாதையில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன். ஈர மண்ணில் என் டிவிஎஸ் வண்டி போன தடம் தவிர வேறு தடம் இல்லை.

அப்போது அது வந்தது. இரண்டாக வரவில்லை, ஒன்றாக வந்தது. ரெண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்பது போல, நான் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே. என்னைத் தூக்கிப் போட்டது. முழங்காலில் விழுந்தேன். பின்னால் வீடு பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் புழுதிதான் நிற்கிறது. கூரை சமையலறை மேல் உட்கார்ந்திருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் பனங்கை மூன்றாக முறிந்து கிடந்தது. செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோழிகள் கத்தத் தொடங்கிவிட்டன.

அவர் வந்து கூப்பிடாவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். இதை நீ எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள். எனக்குத் தெரிந்தது இது.

உன் பெட்டி இடிபாட்டுக்குள் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள். நானும் கூட வாரிப் போடுகிறேன்.

ரஞ்சிதா


22.12.2025
ஹைதராபாத்

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். கை இரண்டிலும் ஓட்டுச்சில்லு கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை. ஆபீஸில் என்ன என்று கேட்டார்கள், அக்கா வீட்டில் வேலை என்றேன். இப்படிச் சொல்லி எவ்வளவு நாளாகிறது!

இனிப் போன் பண்ணலாம் என்று பஸ்ஸில் ஏற்றும்போது நீயே சொன்னாய். ஆனாலும் இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சட்டி கழுவும்போதும் வரவில்லை.

இடிபாட்டிலிருந்து எடுத்த பெட்டியில் அந்தக் காலைப்பொழுதின் பதிவு முழுசாக இருக்கிறது. கொண்டி ஆடியது என்றாய். பெரிய உலுக்கலுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத சின்ன அதிர்வு ஒன்று வந்திருக்கும், அதுதான் கொண்டியை ஆட்டியிருக்கும் என்று உன்னிடம் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். இங்கே வந்து தேடினேன். பெருக்கிப் பார்த்தேன், வடிகட்டிப் பார்த்தேன். அப்படி ஒன்று இல்லை, அக்கா. நீ சமையலறையிலிருந்து ஓடும் அடிகள் இருக்கின்றன. அதற்கு முன்னால் வெறும் கோடு. அவ்வளவு அமைதியான கோட்டை அந்தப் பெட்டி வைத்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. காற்று ஆட்டியிருக்கலாம். வேறு யாரிடமும் இதை நான் சொல்லவில்லை.

இன்னொன்று. சுப்பம்மாளக்கா வீட்டில் நாம் மறுபடி பதித்து வைத்த பெட்டி வேலை செய்கிறது. தட்டல் நிற்கவில்லை. உனக்குக் கேட்டிருக்கும். ஆனால் இப்போது இடைவெளி கூடுகிறது. உன் வீட்டைத் தாண்டிவிட்டது. தெற்கே, காவிரிப் பக்கம் போகிறது. மோகனூருக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர்களுக்குத் தகவல் கொடுக்கச் சொல்லி மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

தாண்டிப் போய்விட்டது என்று உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் யோசித்தேன்.

உன் மோகனா


9.1.2026

மோகனாக் கண்ணு,

நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். டம்ளர்கள் அடங்கிவிட்டன. தட்டல் வந்தால் வாசலுக்கு ஓடாமல் அப்படியே உட்கார்ந்து கேட்டேன். மெல்ல ஒன்று, அழுத்தி ஒன்று, நடுவே மறுபடி மூச்சு விட இடம். வந்தார், கேட்டில் நின்றார், உள்ளே வராமல் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் மனசில்லையா என்று கோபம்கூட வந்தது.

பொன்னாயக்காவைப் பற்றி எழுத வேண்டும். நம் செட்டில் முன்பு முட்டை பொறுக்கிய பொன்னாயிதான். தெற்கே ஆத்துக்குப் போகும் வழியில், கரும்புக்காட்டு ஓரம் தனி வீடு. அதன் ஒரே மகன் பிரபாகர் சில வருடத்துக்கு முன் ஆடிப்பெருக்கில் காவிரியில் இறங்கினான், மேலே வரவில்லை. பரிசலில் ஆற்றைச் சலித்தார்கள், உடம்பு கிடைக்கவில்லை. அந்த ஊரிலிருந்து முட்டை வாங்க வந்த பெண் ஒருத்தி நேற்று என்னிடம், "பொன்னாயிக்குப் புத்தி கலங்கிப் போச்சுங்க. தரையில காத வெச்சுக்கிட்டு, மவன் வாரான் மவன் வாரான்னு சொல்லுது" என்றாள்.

கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

கதவு திறந்து கிடந்தது. அதுவும் ஓட்டு வீடு, நம் வீட்டைவிடப் பழசு. உள்ளே பொன்னாயக்கா தலை வாரி, புதுச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தது. முன்னால் தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு வைத்திருந்தது. சுவரில் மூலையிலிருந்து ஒரு விரிசல் இறங்கியிருந்தது.

"வா சாமி" என்றது. "என்ற மவன் நடை கேக்குதா? சின்னதுல இருந்து அவன் ஒரு படி ஏற மாட்டான். ரெண்டு ரெண்டாத்தான் தாவுவான். தொப்பு தொப்புன்னு வாரான் பாரு."

இத்தனை நாள் என் புருஷனுடைய கால் என்று நான் கேட்டதை, அந்தப் பெண்பிள்ளை தன் மகனுடைய தாவல் என்று கேட்கிறது. இரண்டும் ஒரே சத்தம். ஒருவேளை இன்னும் வடக்கே, முதன் முதலில் இது கிளம்பிய ஊரிலும் யாரோ ஒருத்தி தனக்கு வேண்டியவர் நடை என்று கேட்டிருப்பாள். எழுந்து நிற்பதற்குள் அவளையும் தாண்டி வந்திருக்கும்.

பாறை, தண்ணீர், விரிசல் என்று நீ சொன்னதெல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்தது. சொல்லவில்லை. என்னிடம் சொன்னபோது நான் கேட்டேனா? "பொன்னாயக்கா, உள்ள உக்காந்திருந்தா வாரது ஆருன்னு எப்படித் தெரியும்? வெளிய நின்னு பாக்கலாம், வாங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்தது. பிறகு சோற்றுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தது. கரும்பு வெட்டின காட்டில், வீட்டை விட்டு நன்றாகத் தள்ளிப் போய் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காற்று இருந்தும் பக்கத்துக் காட்டுக் கரும்புத் தோகை அசையவில்லை என்று எனக்குத் தோன்றியது. கட்டியிருந்த ஆடு மேய்வதை நிறுத்தியது. "வாரான்" என்றது பொன்னாயக்கா, மிக மெதுவாக. நான் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றாக வந்தது. சேர்த்து வைத்த காலாக. என் வீட்டில் வந்த அளவு இல்லை, ஆனாலும் உட்கார வைத்துவிட்டது. ஓடுகள் சரசரவென்று சரிந்தன. விரிசல் விட்ட சுவர் வெளிப்பக்கமாக மெல்லச் சாய்ந்து விழுந்தது. பொன்னாயக்கா வீட்டைப் பார்க்கவே இல்லை. ஆத்துக்குப் போகும் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அங்கேதான் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன் மோகனா, இவ்வளவு தெரிந்த பிறகும் பார்த்தேன்.

தடத்தில் ஒருவரும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு தட்டல், எங்களுக்குத் தெற்கே. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

"உன்ற ஊட்டுக்காரரா, என்ற மவனா?" என்று நான் பார்க்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பொன்னாயக்கா கேட்டது.

"தெரியலீங்க. ஆரா இருந்தாலும் நம்மளுக்காக நிக்கலை" என்றேன்.

இப்போது பொன்னாயக்கா என்னோடுதான் இருக்கிறது. செட்டு வேலைக்கு ஒரு கை சேர்ந்தது. நீ பொங்கலுக்கு வரும்போது அந்தக் கோர்ட்டுக் காகிதத்தை எடுத்து வா. பெருக்கல் குறி இல்லாமல் புதிதாக எடுத்து வா. எங்கே கையெழுத்துப் போடுவது என்று எனக்கே தெரியும்.

நேற்று அங்கே நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கிளம்பலாம் என்று எழுந்தபோது பொன்னாயக்கா தட்டைப் பார்த்தது. அவ்வளவு உலுக்கலிலும் கீழே போடாமல் மடியோடு அணைத்து வைத்திருந்தது. புழுதி மட்டும் ஓரத்தில் படிந்திருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு என்னிடம் நீட்டியது.

"ஆறிப்போச்சு சாமி. நீயாச்சும் சாப்புடு."

வெட்டின காட்டில் நின்றபடியே நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன்.

அக்கா